மூக்கண்டப்பள்ளியில் ஒரு சார்ஜ் ஷீட்!

ஓசூர்க்காரர்களிடம் "உங்க ஊர் எந்த மாவட்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் அவரவர் வயசைப் பொறுத்தது. தாத்தா 'சேலம்' என்பார். அப்பா 'தர்மபுரி' என்பார். பேரன் 'கிருஷ்ணகிரி' என்பான். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்! 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. போர்டுக்குப் பெயின்ட் அடித்தவர்களுக்கு மட்டும் நல்ல வருமானம்.

அந்த ஓசூரிலிருந்து பெங்களூர் பக்கமாக 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் (என்னைப் போன்ற பழைய ஆசாமிகளுக்கு அது இன்னமும் 7-ம் நம்பர்தான்) கொஞ்ச தூரம் போனால் மூக்கண்டப்பள்ளி. இன்னும் போனால் ஜூஜூவாடி. அதையும் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகா ஆரம்பம். "பன்னி சார், பன்னி!" என்று கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கன்னடத்தில் 'வாங்க' என்று அர்த்தம்.

மூக்குக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று பெயரைக் கேட்டதும் தோன்றும். மூக்குக்கு நிறைய வேலை இருக்கிற ஊர் என்பது மட்டும் நிஜம். ஒரு தெருவில் பிரியாணி தம். அடுத்த தெருவில் வெல்டிங் புகை. அதற்கும் அடுத்த தெருவில் தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும் ஆசிட் வாசனை. அந்த மூன்றாவது வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் நான் போனேன், மடியில் எட்டு கிலோ எடையோடு.

அதென்ன எட்டு கிலோ? சொல்கிறேன்.

தளி பக்கத்தில் என் மாமனாரின் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. 'பெரிய மாமா' என்று கூப்பிடுவேன். ராகி போடுவார். ராகி விளைந்து கதிர் முற்றினால் முதலில் சந்தோஷப்படுவது பெரிய மாமா இல்லை, பன்னேர்கட்டா காட்டு யானைகள்தான். வருஷா வருஷம் ராகி சீசன் பார்த்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று வரிசையாக வந்து, சானமாவு காடு வரைக்கும் டூர் அடித்துவிட்டுத் திரும்பும். தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிற மாதிரிதான். அழைக்காவிட்டாலும் வந்துவிடும், சாப்பிடாமல் போகாது.

அதற்காக அவர் சோலார் வேலி போட்டிருக்கிறார். வயல் ஓரத்தில் கம்பி, கிணற்று மேட்டில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு பேட்டரி, ஒரு 'எனர்ஜைசர்'. மேலே 40 வாட் பேனல். எனர்ஜைசர் செய்கிற வேலை வேடிக்கையானது. பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி ஐயாயிரம் வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி, செகண்டுக்கு ஒரு தடவை 'டிக்' என்று கம்பிக்குள் விடும். அந்த 'டிக்' ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தொட்டால் சுரீர் என்று அடிக்கும், தள்ளிவிடும், அவ்வளவுதான். ஒரு 'டிக்'குக்கும் அடுத்த 'டிக்'குக்கும் நடுவில் கையை எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. யானைக்குத் தும்பிக்கையை எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, மரியாதைக்குத்தான் ஆபத்து.

எல்லாம் சரி. பேட்டரிதான் வருஷத்துக்கு ஒன்று மண்டையைப் போட்டது!

"மாப்ளே, நீங்க பி.காம். படிச்சவரு. கணக்கு வழக்கு தெரியும். இது ஏன் இப்படி வருசா வருசம் சாவுதுன்னு கொஞ்சம் பாருங்க" என்றார் பெரிய மாமா. பி.காமுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். 26 ஏ.எச். பேட்டரியைக் கழற்றி, சாக்குப்பையில் சுற்றி, தளி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெடிக்குமா சார்?" என்றார். "செத்துப்போச்சுங்க" என்றேன். பரிதாபப்பட்டு லக்கேஜ் போடாமல் விட்டுவிட்டார்.

ஏன் மூக்கண்டப்பள்ளி? ஒரு காலத்தில் இங்கேயும் ராகிக் கொல்லைகள்தான். 1970-களில் சிப்காட் வந்தது. பின்னாலேயே அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஓசூருக்கு வரிசையாக வந்தார்கள். ஒருவர் லாரி, ஒருவர் மொபெட், ஒருவர் கைக்கடிகாரம். அதாவது மூட்டை தூக்க ஒன்று, ஆளைத் தூக்க ஒன்று, 'லேட்டாச்சு' என்று திட்ட ஒன்று! பெரிய ஃபேக்டரி வந்தால் அதைச் சுற்றிச் சின்ன லேத், சின்ன லேத்தைச் சுற்றி டீக்கடை, டீக்கடையைச் சுற்றி மெஸ், மெஸ்ஸைச் சுற்றி வரிசை வீடுகள். மூக்கண்டப்பள்ளி இப்படித்தான் வீங்கியது. ஆட்டோக்காரர் தமிழில் ஏற்றிக்கொள்வார், கன்னடத்தில் வழி கேட்பார், குறுக்கே வந்தவனைத் தெலுங்கில் திட்டுவார். இப்போது ஒடிசா, பீகார் பையன்கள் நிறைய வந்துவிட்டதால் சில்லறை பாக்கியை இந்தியில் இல்லை என்று சொல்லவும் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஓசூர் பக்கத்திலேயே சிச்சுருகானப்பள்ளியில் எக்ஸைடு பேட்டரி ஃபேக்டரியே இருக்கிறது. இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபேக்டரி. பேட்டரிக்கு இங்கே பஞ்சமில்லை. பேட்டரிக்குச் சோறு போடத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அப்படி ஓர் ஆளை நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பத்துக்குப் பத்து கடை. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஃபேக்டரி வேலையை விட்டு வெளியே வந்து கடை போட்டவர். சுவர் பூராவும் பேட்டரிகள், ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒயர் 'டிரிப்ஸ்'. மீட்டரை எடுத்து என் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார்.

"11.6. பட்டினி சார் இது."

"பட்டினியா? தினம் வெயில்ல பேனல் போட்டுக்கிட்டுத்தானே இருக்கு?"

"போடுது. ஆனா வயிறு ரொம்பலை. உக்காருங்க சார், டீ சொல்றேன்."

டீ வந்தது. கூடவே பாடமும் வந்தது. அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இன்ஜினீயர்கள் யாராவது படித்தால் பக்கத்தைப் புரட்டி ஜோக்குக்குப் போய்விடவும்.

ஈய-ஆசிட் பேட்டரி நேற்று வந்த சமாசாரம் இல்லை. 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே என்பவர் செய்தது. தொட்டிக்குள் ஈயத் தகடுகள், கந்தக ஆசிட். பேட்டரி கரண்டைக் கொடுக்கக் கொடுக்க இரண்டு பக்கத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும். சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழையபடி ஆகிவிடும். உடனே ஏற்ற வேண்டும், முழுசாக ஏற்ற வேண்டும். அரைகுறையாக விட்டுவைத்தால் அந்த சல்ஃபேட் இறுகிக் கெட்டிப்பட்டுப் போகும். சர்க்கரைப் பாகைக் கவனிக்காமல் விட்டால் கற்கண்டாகிறதில்லையா, அது மாதிரி. பாகைத் திரும்பவும் கரைக்கலாம். கற்கண்டைக் கரைக்க நாளாகும். சிலது கரையவே கரையாது. அந்த இடத்தில் தகடு செத்துவிட்டது என்று அர்த்தம். பெரிய மாமாவின் பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தது இந்தக் கற்கண்டு வியாதியில்தான்.

"அப்போ நிறைய ஏத்திட்டா தீர்ந்தது?" என்றேன்.

"அங்கதான் சார் சீல்டு பேட்டரி வேற ஜாதி. பழைய லாரி பேட்டரின்னா மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்திக்கலாம். இதுல மூடியே கிடையாது. உள்ளார ஆசிட் தண்ணியா ஓடாது, பஞ்சு மாதிரி கண்ணாடி நார்ல ஊறிக்கிட்டிருக்கும். கேஸ் உண்டானா உள்ளுக்குள்ளேயே திரும்பச் சேர்ந்து தண்ணியாயிடும். ஆனா ஓவரா ஏத்தினீங்கன்னா கேஸ் தாங்காது, வால்வைத் தள்ளிக்கிட்டு வெளிய போயிடும். போனது போனதுதான். திரும்ப ஊத்த வழியில்ல. காஞ்சு, சூடாகி, வயிறு உப்பிக்கும்."

மூலையில் ஒன்றைக் காட்டினார். நிஜமாகவே பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உப்பியிருந்தது. யாரோ லாரி பேட்டரி சார்ஜரில் ராத்திரி பூராவும் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாராம்.

குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு. கிட்டத்தட்ட குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி. அதற்கு அவர் சொன்ன உதாரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்யாணப் பந்தி!

"பசியோட வந்து இலை முன்னாடி உக்காந்தவன் முதல் ரவுண்டு சாதம் சாம்பாரை அள்ளி அள்ளிப் போட்டுக்குவான். எவ்வளவு வேகமாப் பரிமாறினாலும் உள்ள போகும். அது முதல் கட்டம். முக்கால் வயிறு ரொம்பினதும் வேகம் குறையும். ரசம், மோருன்னு மெதுவா மெதுவாத்தான் இறங்கும். அப்போ அவசரப்படுத்தக் கூடாது, இலையை எடுத்துடவும் கூடாது. அது ரெண்டாவது கட்டம். எல்லாம் முடிஞ்சதும் வெத்தலை பாக்கு. சும்மா மென்னுக்கிட்டே இருக்கலாம், வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. அது மூணாவது கட்டம்."

"சரி..."

"கடைசி இருபது பர்சென்ட் ரொம்பத்தான் சார் முக்காவாசி நேரம் ஆவும். சோலார்ல என்ன ஆவுதுன்னா, மோர் ஊத்தறதுக்குள்ள சூரியன் பந்தியை விட்டு எழுந்து போயிடறாரு!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் பேட்டரியை எடுத்துத் திருப்பி, பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார். "படிங்க சார்."

இரண்டு வரி. ஒன்றில் 'சைக்கிள் யூஸ்: 14.4 – 15.0 வோல்ட்'. இன்னொன்றில் 'ஸ்டாண்ட்பை யூஸ்: 13.5 – 13.8 வோல்ட்'. பக்கத்தில் 25 டிகிரி என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே, ஆரம்பத்தில் இத்தனை ஆம்பியருக்கு மேல் ஏற்றாதே என்று ஓர் எச்சரிக்கை. இந்த ரகத்து பேட்டரிகள் எதை எடுத்தாலும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் சின்ன 7 ஏ.எச். பேட்டரியில் பெரும்பாலும் 2.1 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். வாங்குகிறவன் படிப்பதில்லை. விற்கிறவனும் படிப்பதில்லை. மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதையே நாம் எங்கே படிக்கிறோம்!

சைக்கிள் என்றால் மிதிக்கிற சைக்கிள் இல்லை. தினமும் காலியாகித் தினமும் நிரம்புகிற பேட்டரி. ஸ்டாண்ட்பை என்றால் வருஷம் பூராவும் நிரம்பிய வயிற்றோடு உட்கார்ந்திருந்து, என்றைக்காவது கரண்ட் போனால் எழுந்து வேலை செய்கிற பேட்டரி. கலெக்டர் ஆபீஸ் வாசல் தபேதார் மாதிரி. தபேதாருக்கு 13.8 தாராளம். அவருக்கு மெல்ல வெற்றிலை போதும். ஆனால் வயல் வேலிக்கு ராப்பகலாக உழைக்கிறவனுக்கு?

பெரிய மாமாவின் பெட்டியில் இருந்த சார்ஜ் கன்ட்ரோலர் 13.8-லேயே நிறுத்திவைக்கிற ரகம். வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளிலும் அவர் பேட்டரிக்கு முதல் ரவுண்டு சாதம், பிறகு நேராக வெற்றிலை பாக்கு. ரசமும் மோரும் பார்க்காமலே அது வருஷக்கணக்கில் எழுந்து போய்க்கொண்டிருந்தது.

வெப்பநிலை விஷயம் வேறு இருக்கிறது. குளிரில் இந்தப் பேட்டரி சாப்பிட அடம் பிடிக்கும், வோல்ட்டேஜ் கொஞ்சம் கூட்டித் தர வேண்டும். வெயிலில் அகோரப் பசி, குறைத்துத் தர வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 20 மில்லிவோல்ட் கணக்கு. 25 டிகிரியில் 14.4 என்றால், தளியில் பனி கொட்டுகிற மார்கழிக் காலையில் 15 டிகிரிக்கு 14.6 வேண்டும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 40 டிகிரி கொதிக்கும்போது 14.1 போதும். நல்ல கன்ட்ரோலர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். பேட்டரியின் ஆயுசுக்கும் சூடு ஆகாது. பத்து டிகிரி கூடினால் ஆயுசு பாதி என்பது இந்தத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. அந்த வகையில் ஓசூர் கொடுத்துவைத்த ஊர். கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. குளுகுளுவென்று இருப்பதால் வெள்ளைக்காரன் 'லிட்டில் இங்கிலாண்ட்' என்றான் என்று ஊர்க்காரர்கள் இன்னும் பெருமை பேசுவார்கள். சிப்காட் சிக்னலில் மதியம் ரெண்டு மணிக்கு நின்று பார்த்தால் எந்த இங்கிலாந்தும் தென்படாது என்பது வேறு விஷயம்.

வோல்ட்டேஜ் அவர் டிபார்ட்மென்ட். இப்போது என் டிபார்ட்மென்ட்டுக்கு வந்தேன். டீ கிளாஸை நகர்த்திவிட்டு, பில் புக்கின் பின்பக்கத்தில் வரவு செலவு எழுத ஆரம்பித்தேன்.

செலவு: எனர்ஜைசர் சராசரியாக 0.2 ஆம்பியர் இழுக்கிறது. 24 மணி நேரத்துக்கு 4.8 ஏ.எச்.

வரவு: 40 வாட் பேனல், நல்ல உச்சி வெயிலில் 2.2 ஆம்பியர். கோடையில் முழு வெயில் கணக்குக்கு ஐந்து மணி நேரம். ஆக 11 ஏ.எச். செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வரவு. பிரமாதம்!

ஆனால் யானை கோடையிலா வருகிறது? ராகி முற்றுகிற ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அப்போதுதான் வானம் மூடிக்கொண்டு நாள் கணக்கில் தூறும். அந்த மாதிரி நாளில் முழு வெயில் கணக்கு 1.2 மணி நேரம் தேறினால் பெரிது. வரவு 2.6 ஏ.எச். அதிலும் போடுகிற நூறில் பத்துப் பதினைந்தைப் பேட்டரி 'கமிஷனாக' எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது 2.2. செலவோ அதே 4.8. தினமும் 2.6 துண்டு விழுகிறது. மோர் பார்க்காத பேட்டரியில் கையிருப்பே 20-தான் இருக்கும். எட்டாம் நாள் கஜானா காலி!

வருஷம் பூராவும் வேலி வேலை செய்கிறது. யானை வருகிற அந்த வாரத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. மற்ற நாளில் கம்பியில் உட்காருகிற காக்கைக்கும் அதனால் தொந்தரவில்லை, பெரிய மாமாவுக்கும் சந்தேகம் வரவில்லை.

"பெரிய பேட்டரியா வாங்கிடலாமா? நூறு ஏ.எச்.?" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "சம்பளம் உயராம பெரிய பீரோ வாங்கி என்ன சார் பண்றது?"

அட! பி.காம். படித்த எனக்கல்லவா இது தோன்றியிருக்க வேண்டும்? பேட்டரி சம்பாதிப்பதில்லை, பேனல்தான் சம்பாதிக்கிறது. 75 வாட் பேனல் போட்டால் 4.2 ஆம்பியர். மூடின வானத்திலும் கமிஷன் போக 4.5 ஏ.எச். கிட்ட வந்துவிடும். துண்டு விழுவது தினம் கால் ஏ.எச்., அரை ஏ.எச்.தான். கையிருப்பு 26-ல் பாதிக்குக் கீழே இறங்காமல் ஒரு மாதத்தைத் தள்ளிவிடலாம். 26 ஏ.எச். பேட்டரிக்கு 4.2 ஆம்பியர் அதிகமும் இல்லை. பாதிக்கு மேல் காலி பண்ணாமல் பார்த்துக்கொண்டால் ஆயுசும் நீளும்.

இவருக்கு இந்த ஞானம் எங்கே வந்தது தெரியுமா? 2012-ல்! தமிழ்நாடு பூராவும் மின்வெட்டு கழுத்தை நெரித்த வருஷம். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கிடையாது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். லேத் பட்டறைக்காரர்கள் தெருவில் கேரம் விளையாடினார்கள். இவர் மட்டும் ராப்பகலாக இன்வெர்ட்டர் விற்றார்.

"விக்கும்போது சந்தோசமா இருந்தது சார். ஒரு வருசத்துல அத்தனை பேட்டரியும் திரும்பி வந்திடுச்சு. ஒரு மணி நேரம் ஏத்தி ஒரு மணி நேரம் இறக்கினா எதுக்கு வயிறு ரொம்பும்? சண்டைக்கு வந்தாங்க. அப்புறம்தான் மீட்டரை வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா உக்காந்து பார்த்தேன். அதுக்கு முன்னாடி நானும் லேபிளைப் படிச்சதில்ல."

பக்கத்துப் பெங்களூரில் 1995-ல் ஹரீஷ் ஹாண்டே 'செல்கோ' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, கரண்ட் வராத கிராமத்து வீடுகளுக்கு சோலார் விளக்குப் போட்டார். அதற்காக 2011-ல் மகசேசே விருதுகூட வாங்கினார். அவர்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்னது, வீட்டு வாசலுக்கு வந்து ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாமல் சோலார் விற்காதே என்பதுதான். பேனல் இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். பேட்டரிக்குத்தான் அடிக்கடி வைத்தியர் வேண்டும். விற்கிற இடத்தில் ரிப்பன் வெட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

"லித்தியம் போட்டா என்னங்க? இந்த ஊரே அதுலதானே ஓடுது?"

"அருமையான சாமான் சார். இதை மாதிரி பசி, அஜீரணம்னு படுத்தாது. வெலை ஜாஸ்தி, அதுக்குத் தனி கன்ட்ரோலர் செட்டிங் வேணும். அதைக்கூட விடுங்க. கிணத்து மேட்டுல வச்சா விடியக்காலை இருக்குமா?"

நியாயமான கேள்வி. யானைக்கு வேலி போடலாம், பேட்டரித் திருடனுக்கு எதைப் போடுவது?

மூக்கண்டப்பள்ளியில் நான் பார்த்தது இவ்வளவுதான் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். கன்ட்ரோலர், பேனல், புது பேட்டரி எல்லாம் வாங்கிக்கொண்டு தளிக்குத் திரும்பிய ராத்திரி, களி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது பெரிய மாமா சொன்னது இன்னொன்று.

"போன வருசம் பேட்டரி நின்னு போச்சு மாப்ளே. ஒரே ராத்திரியில முக்கால் காணி போயிடுச்சு. பக்கத்துக் கொல்லைக்காரரு சொன்னாரு, 'மோட்டார் ஷெட்ல கரண்ட் சும்மாத்தானே வருது, ஒரு ஒயரை இழுத்துக் கம்பியில மாட்டு, ஒண்ணும் கிட்ட வராது'ன்னு. ஒயரைக்கூட எடுத்து வச்சிட்டேன். ரெண்டு ராத்திரி தூக்கமில்ல..."

பிறகு அவரே, "மாரண்டஹள்ளி ஞாபகம் வந்திச்சு" என்றார்.

2023 மார்ச். எங்கோ தூர தேசத்தில் இல்லை, பக்கத்துத் தர்மபுரி மாவட்டம், மாரண்டஹள்ளி. சட்ட விரோதமாக வேலியில் விட்டிருந்த கரண்டில் மூன்று பெண் யானைகள் செத்துப்போயின. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. செத்த தாயைச் சுற்றிச் சுற்றி வந்த அந்தக் குட்டிகளின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

எனர்ஜைசரின் 'டிக்'குக்கும் வீட்டுக் கரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எனர்ஜைசர் ஐயாயிரம் வோல்ட் இருந்தாலும் அடித்துவிட்டு விட்டுவிடும். ஈ.பி. கரண்ட் 230 வோல்ட்தான். ஆனால் பிடித்தால் விடாது. யானையா, மாடா, விடிகாலையில் தண்ணி பாய்ச்சப் போகிற சொந்தப் பிள்ளையா என்று அது பார்க்காது. மாரண்டஹள்ளி நடந்த அதே 2023-ல் தமிழக அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. வேலி போட்டால் பதிவு செய்ய வேண்டும், காட்டை ஒட்டிய நிலம் என்றால் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். நேரடிக் கரண்ட் விடுவது எப்போதுமே குற்றம்தான். யானை 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற பிராணி. ஜாமீன் கிடைக்காமல் அலைந்தவர்கள் உண்டு.

ஆனால் சட்டம் தெரியாமலா ஒயரை இழுக்கிறார்கள்? வருஷம் பூராவும் உழைத்த ராகி ஒரு ராத்திரியில் போகிறது, நம்பி வாங்கிய வேலி கை விட்டுவிட்டது, ஆத்திரத்தில் இழுக்கிறார்கள். மூக்கண்டப்பள்ளி கடையில் 13.8, 14.4 என்று அவர் விரலால் காட்டியபோது எனக்கு அது அரை வோல்ட் சமாசாரமாகத்தான் தெரிந்தது. திண்ணையில் பெரிய மாமா அந்த ஒயரைப் பற்றிச் சொன்னபோது, அந்த அரை வோல்ட்டைக் கொஞ்சம் பயத்தோடு நினைத்துப் பார்த்தேன்.

பழைய பேட்டரி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கடைக்காரர் அதை ஒரு ஆம்பியருக்கும் கீழே வைத்து இரண்டு நாள் பொறுமையாக ஏற்றிப் பார்த்தார். கற்கண்டில் கொஞ்சம் கரைந்தது. "பாதிக்குக் கொஞ்சம் மேல தேறும் சார். வேலிக்கு ஆகாது. வீட்ல ராத்திரி எல்.இ.டி. லைட்டுக்கு வச்சிக்கச் சொல்லுங்க. அதுவும் போச்சுன்னா இங்கயே கொண்டாங்க, கிலோ கணக்குல எடுத்துக்கறேன். பொழுது போகலைன்னு உடைச்சுப் பார்க்காதீங்க, உள்ள ஈயம்" என்றார். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் அதையேதான் சொல்கின்றன. உடைக்கிற வேலை லைசென்ஸ் உள்ளவனுக்கு.

பெரிய மாமாவுக்கு ஒரு மீட்டரும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால், பேனலில் வெயில் படுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க வேண்டும். 12.7 என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் மறுநாளே கழற்றி வீட்டு சார்ஜரில் போட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. கம்பியில் புல் படாமல் வெட்டிவிட வேண்டும், புல் பட்டால் ஷாக் பூமிக்குள் இறங்கிவிடும். இவ்வளவுதான் அவருக்கு வேலை.

தினசரி காலண்டரைக் கிழிக்காமல் அதிலேயே எழுதி வருகிறார். போன தடவை போனபோது எடுத்துப் பார்த்தேன். கார்த்திகை மாசத் தாள்கள். '12.6. தூறல்.' '12.5. தூறல்.' '12.4. மழை. ஏழு உருப்படி வந்திச்சு. மேக்கால போயிடுச்சு.' ஒரே ஒரு தாளில் மட்டும் வோல்ட்டேஜ் எழுதவில்லை. கேட்டேன்.

"அன்னிக்குப் பேத்திக்குக் காதுகுத்து மாப்ளே. நீங்கதான் வரலியே!"